அரை வோல்ட்

ஓசூர்,
பிப்ரவரி 3.

பிரேம்குமாருக்கு சுரேந்தர் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். சேலம் ஜெயிலில் கொசுக்கடியில் தூக்கம் கெட்டு, தின்ற சோறு செரிக்காமல் கிடக்கிறாய் என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கு எனக்கு ஒரு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கும்.

ஆமாம், கஞ்சிதான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். களியைக்கூடக் கரைத்து, குழல் வைத்து உறிஞ்சுகிறேன். வழிந்ததைப் பிரியதர்ஷினி துண்டால் துடைத்துவிடுகிறாள். முப்பத்தாறு வயதில் பெண்டாட்டி வாய் துடைத்துவிடும் பிழைப்பு எனக்கு உன்னால் வந்தது.

இடது காது போய்விட்டது. கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, முழுசாகப் போய்விட்டது. மண்டை எலும்பில் விட்ட விரிசல் உள்காது வரைக்கும் ஓடியிருக்கிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். திரும்ப வருமா என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். படத்தை உறைக்குள் போட்டுவிட்டார். கேட்காமல் போனதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காதுக்குள் நாள் முழுக்க ஒரு இரைச்சல். எர்த் சரியாக இல்லாத ஆம்ப்ளிஃபயரில் உர்ரென்று ஒன்று வருமே, அதேதான். ஆம்ப்பாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிடலாம்.

அன்றைக்கு ஷெட்டில் மேசை மேல் ஆயிரம் சாமான் இருந்தது. ஸ்குரூ டிரைவர் இருந்தது, கட்டிங் பிளேயர் இருந்தது. உன் கைக்கு நாலு கிலோ டிரான்ஸ்பார்மர்தானா கிடைத்தது? நாம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சுற்று எண்ணி எண்ணிக் கம்பி சுற்றியது அது. முதல் அடி தாடையில். நான் விழுந்த பிறகு குனிந்து, தூக்கி, இரண்டாவது அடி காதில். முதல் அடிக்குக் கோபம் என்று பெயர் வைக்கலாம். இரண்டாவதற்கு என்ன பெயர்டா வைப்பது? கொலை முயற்சி என்று போலீஸ் எழுதியிருக்கிறது. நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

நீ ஸ்டேஷனில் சொன்னது என் காதுக்கு வந்தது. மிச்சம் இருக்கிற ஒரு காதுக்கு. சுரேந்தர் என்னை ஏமாற்றினான், மீட்டரில் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தது, அதனால் அடித்தேன் என்றாயாம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம். வீட்டில் வருவதே இருநூற்று முப்பது வோல்ட், அதில் அரை வோல்ட்டுக்கு ஒருத்தன் மண்டையை உடைப்பானா என்று கேட்டாராம். நியாயமான கேள்விதானே?

பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாகலூர் ரோடு ஷெட்டில் உன்னோடு உட்கார்ந்தேன். பழைய வால்வு ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, கிடாருக்கு வால்வு ஆம்ப் கட்டும் அளவுக்கு வந்தோம். கை என்னுடையது, காது உன்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சால்டரிங் புகை குடித்தவன் நான். அப்புறம் ஆளுக்கொரு ஆம்ப் கட்டினோம். திம்மராயன் தன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரே மாதிரி ஆறு ஆம்ப் வேண்டும், கட்டுகிறவனே சவுண்டு பார்க்கக் கூடவே வர வேண்டும், சீசன் முழுக்க மாலூர், கோலார், பெங்களூர் என்று சொன்னபோது, அவர் உன்னுடையதைத்தான் எடுப்பார் என்று நீயே முடிவு கட்டி, காஸ்டிங் கம்பெனி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். நானா எழுதிக் கொடுக்கச் சொன்னேன்?

திம்மராயன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டார். ஸ்பீக்கர் ஒன்றுதான், கிடார் ஒன்றுதான், வாசித்தவனும் நீதான். நான் ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போட்டேன். எது எந்த ஆம்ப் என்று அவருக்குத் தெரியாது. ஐந்து முறையும் என்னுடையதைத்தான் நல்லது என்றார். தோற்றால் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறவன் ஆண்பிள்ளை. திம்மராயன் டீ குடிக்கப் போன இடைவெளியில் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். எனக்கும் கோபம் வந்தது, ஒரு வார்த்தை சொன்னேன். கோபத்தில் யாரும் சொல்வதுதான். அதற்கு டிரான்ஸ்பார்மரா?

இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். நன்றாகப் படிக்கட்டும். நீ கம்பிக்குள்ளேயே நரைத்துப் போக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். இதுதான் உனக்கு என் ஆசீர்வாதம்.

சுரேந்தர்


ஓசூர்,
மார்ச் 21.

பிரேம்குமாருக்கு,

முந்தின கடிதத்துக்குப் பதில் வராது என்று தெரியும். வந்தாலும் கிழித்துத்தான் போட்டிருப்பேன். ஆனாலும் எழுதுகிறேன். தாடைக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். பேச்சு இன்னும் கோணிக்கொண்டுதான் வருகிறது. கம்பெனியில் மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் என்னைச் சேர்க்கவில்லை. மெஷின் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிற வேலைக்கு ஒற்றைக் காதுக்காரன் எதற்கு? ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள், போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்க.

உன் தம்பி விஷயம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். உன் அம்மா சென்னம்மா மனு போட்டு உன்னைப் பார்த்தபோது சொல்லியிருப்பாள். அவள் பாதியை மறைத்திருப்பாள் என்பதால் நான் முழுசாகச் சொல்கிறேன். எனக்கு இதை எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தமிழரசன் முதல் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து, பாகலூருக்கு முன்னால் கல்வெர்ட்டுப் பாலம் ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறான். மத்தியானம் மூன்றரை மணி, நல்ல வெயில். இரண்டு பைக்கில் நாலு பேர். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. டிபன் பாக்ஸைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்திருக்கிறார்கள். மூக்கு உடைந்திருக்கிறது. அப்புறம் இரண்டு பேர் அவன் மேல் ஏறி உட்கார்ந்து, வலது கையைக் கல்வெர்ட்டு விளிம்பில் நீட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் கருங்கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டிருக்கிறான். ஒரு முறை இல்லை, மூன்று முறை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த மற்றவர்கள் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். எந்த நாயும் கிட்டே போகவில்லை.

கல்லைப் போட்டவன் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். மத்தூரிலிருந்து பெரியப்பா வீட்டுப் பையன்களும் வந்திருந்தார்கள். எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஒரு காதுக்கு ஒரு கைன்னு வச்சுக்கண்ணா, கணக்கு நேராப் போச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். தமிழரசன் எப்படி அலறினான் என்று குரல் மாற்றி அலறிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "நம்ம புள்ள மேல கை வக்கற அளவுக்கு அவனுங்களுக்குத் திமிரு வந்துருச்சு, இனிமே வராது" என்று பெரியப்பா சொன்னார்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். எனக்காகத்தானே செய்தார்கள்? தாடை வலித்தது. தாடைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் தலையணை நல்ல காதை மூடிக்கொள்ளும், எதுவும் கேட்காது. அப்படிப் படுத்தும் அந்த அலறல் கேட்டது.

தமிழரசன் ஸ்டேஷனில் அடையாளம் தெரியாத ஆட்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நல்ல புத்திசாலி. அவனுக்கு நாலு பேரையும் தெரியும், ஒருத்தனோடு கிரிக்கெட்கூட விளையாடியிருக்கிறான்.

இன்னொரு சமாச்சாரம். தேர்த் திருவிழாவுக்குத் திம்மராயன் கச்சேரி இருந்தது. என் ஆம்ப்பில் இரண்டை முடித்து அனுப்பியிருந்தேன், போய் ஓரமாக நின்று கேட்டேன். கிடார்க்காரன் ஒருத்தன் வாசிக்கிறான் என்று கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு எட்டவில்லை. ஒற்றைக் காது என்பதால்தான் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஆளைக் கேட்டால், கிடார் வாசிக்கிறானா அது என்று அவன் திருப்பிக் கேட்கிறான். டிரம்ஸும் தவிலும் கீபோர்டும் அதை அப்படியே முழுங்கிவிட்டன. கச்சேரி முடிந்ததும் திம்மராயன் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, "என்னப்பா சுரேந்தரு, அன்னைக்கு ஷெட்டுல மணி மாதிரி கேட்டுச்சு, இன்னைக்கு கிடாரை வாசிக்கறானா தடவறானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

என் ஆம்ப்பில் பேஸ் நன்றாக இறங்கும், ட்ரெபிள் பளபளவென்று இருக்கும், நடுச்சத்தமான மிட் மட்டும் பள்ளம். தனியாக அறையில் கேட்டால் அது அழகு. கூட்டத்தில் காணாமல் போகும். நீ இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாய். "நடுவுல இருக்கறதுதான்டா மனுசன் பேசற சத்தம், அதைப் போயி குறைக்கறியே" என்பாய். மறுநாள் மிட் குமிழைப் பத்து வரைக்கும் திருகிப் பார்த்தேன். பள்ளம் மேடாகவில்லை. சர்க்யூட்டிலேயே நூறு கே ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ஐம்பத்தாறு கே போட்டேன். கொஞ்சம் ஏறியது. அந்த ஐம்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். உன் நோட்டு ஷெட்டில்தான் கிடக்கிறது.

உன் ஆம்ப்பும் அங்கேதான் கிடந்தது. கிடந்தது என்றுதான் எழுத வேண்டும். எங்கள் வீட்டுப் பையன்கள் ஷெட் பூட்டை உடைத்து, கடப்பாரையால் வால்வு நான்கையும் நொறுக்கி, கேபினெட்டில் ஒன்றுக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்றம் இன்னும் போகவில்லை. கழுவிவிட்டேன்.

அரை வோல்ட்டைப் பற்றி நான் கோர்ட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உன் வக்கீல் ஆள் அனுப்பிக் கேட்கிறார். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவை.

சுரேந்தர்


ஓசூர்,
ஏப்ரல் 10, வியாழன்.

அன்புள்ள பிரேமுக்கு,

இந்த வார்த்தையைப் போட எனக்கு யோக்கியதை இல்லை. அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன், வேறு வரவில்லை. இதைத் தபாலில் போடவில்லை. தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும், அவ்வளவு நேரம் இல்லை. நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் சென்னம்மா உன்னைப் பார்க்க வருகிறாள். அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உன்னைப் பார்த்துவிட்டு நேராகச் சேலத்திலிருந்து வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வாம்மா என்று கூப்பிட்டேன். "உங்க வூட்டுக்குள்ள நான் எப்பப்பா வந்தேன், இன்னைக்கு வர்றதுக்கு?" என்றாள். ஷெட்டில் அவள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை எத்தனை ஞாயிற்றுக்கிழமை தின்றிருப்பேன் என்று அப்போது நினைப்பு வந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். வெளியே வந்த அன்றைக்கே என் தம்பி நவீனுக்கு இரண்டு கையும் இருக்காது, அவன் உள்ளே வந்தால் இன்னும் சுலபம், ஒரு தகரத் துண்டு போதும் என்றாயாமே. உன்னோடு அங்கே சேர்ந்திருக்கிற ஆட்கள் யார் யார் என்றும் சொன்னாள். "எம்மூத்தவன் இப்படியெல்லாம் பேச மாட்டாம்ப்பா. கண்ணே வேற மாதிரி இருக்குது. சின்னவன் கை வெளங்காமப் போச்சு. இவனும் கொலைகாரனாயிட்டா நான் யாரப் பாக்கறது? நீதாம்ப்பா ஏதாச்சும் பண்ணணும்" என்று அழுதாள். அவள் மகன் என் மண்டையை உடைத்தான், என் தம்பி அவள் மகன் கையை உடைத்தான், அவள் வந்து என்னைக் கும்பிடுகிறாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை வோல்ட் உண்மைதான், பிரேம். வைத்தவன் நான்.

வழக்கமாக நாம் எப்படிச் செய்வோம்? எந்த இரண்டு ஆம்ப்பை ஒத்துப் பார்த்தாலும் முதலில் ஒரே சீரான டோன் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, வால்யூம் குமிழ் மேல் டேப் ஒட்டிவிடுவோம். சத்தம் ஒரு துளி கூடினாலும் அது காதுக்குச் சத்தமாகத் தெரியாது, நன்றாக இருப்பதாகத்தான் தெரியும் என்று நீதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். எப்போதும் இரண்டு பேரும் மீட்டரைப் பார்த்த பிறகுதான் டேப். அன்றைக்குத் திம்மராயன் வந்துவிட்டார் என்று நீ கிடார் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டாய். "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்டா, ஒட்டிரு" என்றாய். உன்னுடையதை மூன்றரை வோல்ட்டில் விட்டேன். என்னுடையதை நான்குக்கு ஏற்றி டேப் ஒட்டினேன். ஊரெல்லாம் உன் காதையே பேசிக்கொண்டிருக்கிறார்களே என்ற எரிச்சல் பதினோரு வருடமாக எனக்குள் கிடந்தது, அந்த ஒரு நூல் திருப்பில் இறங்கியது. உன் வேலை போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திருப்பினேன்.

ஸ்டேஷனில் நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. அதை நீயும் அங்கே சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. ஏன் சொல்லவில்லை? சொல்லக் கூச்சமாக இருந்ததா? மீட்டரை நீ நீட்டியதும் நான் சொன்னேனே, "உங்கப்பன் கங்கப்பன் எங்க களத்துல ஒரு படி கேவுருக்குக் குனிஞ்சு நின்னவன், நீ எனக்கு மீட்டர் வச்சுக் காட்டறியா" என்று. நல்ல தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். செத்துப்போன மனுஷனை. முதல் அடி அரை வோல்ட்டுக்கு, இரண்டாவது அடி உன் அப்பாவுக்கு. அதற்கு என்ன பெயர் என்று கடிதத்தில் உன்னைக் கேட்டேன் பார், என்ன நெஞ்சழுத்தம் எனக்கு.

சென்னம்மா போனதும் நவீனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏமாற்றியது நான், பிரேம் மேல் தப்பில்லை, ஒரு பாவமும் அறியாத தமிழரசன் கையைத்தான் நீ உடைத்தாய் என்று அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம், "அரை வோல்ட்டோ முக்கா வோல்ட்டோ, அதுக்கும் இதுக்கும் என்னண்ணா? நம்ம மேல கை வச்சான்ல?" என்றான். அண்ணனுக்கு அடிபட்டதில் புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை உனக்கு ஜாமீன் கிடைக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. சேலத்திலிருந்து நீ எந்த பஸ்ஸில் வருவாய், எங்கே இறங்குவாய் என்று பெரியப்பா பையன்களோடு போனில் பேசினான். நான் பக்கத்திலேயே இருந்தேன். இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் அண்ணனுக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டான். போனில் அவனே கத்திக் கத்தித்தானே பேசுவான். கட்டிலுக்கு அடியில் புது வீச்சரிவாள் இரண்டு, சாக்கில் சுற்றி வைத்திருந்தான். கைப்பிடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். அரிவாளை எடுத்து ஏரியில் போடலாம், வேறு வாங்குவான். உன்னை வராதே என்று தடுக்கலாம், எத்தனை நாளைக்கு? நேற்றுக் காலை ஸ்டேஷனுக்குப் போய், தமிழரசன் கையை உடைத்தது என் தம்பி நவீன்குமாரும் இன்னும் மூன்று பேரும் என்று எழுதிக் கொடுத்தேன். அரிவாள் இருக்கிற இடத்தையும் சொன்னேன். என் வழக்கில் நான் விட்டதையும் சேர்த்து, வோல்ட் முதல் வார்த்தை வரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் மூன்று தடவை கேட்டார், தலைக்கு ஒன்றும் இல்லையே என்று. உன் வக்கீலிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமைக்கு உதவும்.

மத்தியானம் வந்து நவீனைப் பிடித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவக்கூட விடவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது ஒரு ஏட்டு பிடரியில் அடித்தார், முன்கம்பியில் மோதி உதடு கிழிந்தது. அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அண்ணா, அவங்ககிட்ட சொல்லுண்ணா" என்றான். நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அவனுக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. விளக்குமாற்றால் அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். எனக்கு மூத்த பிள்ளை இல்லை என்று தெருவில் நின்று மண்ணை வாரிப் போட்டாள். பெரியப்பா என் வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார். பிரியதர்ஷினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊத்தங்கரைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகச் சொன்னதே நான்தான். ஷெட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை அவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். சேலத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். நீ இதைப் படிக்கும்போது அவன் அங்கே இருப்பான். இரண்டு பேரையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். யார் படிப்பார்கள், எப்போது படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? இன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை வரை ஐந்து நாள் அவனும் நீயும் ஒரே மதிலுக்குள் இருப்பீர்கள். உன்னிடமிருந்து அவனைக் காப்பாற்ற நான் ஒன்றும் செய்யவில்லை. உன்னை அவனிடமிருந்து காப்பாற்றப் போய், அவனை உன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது, பிரேம். வாய்தான் பெரிசு. தனியாக ஒரு நாள் வெளியே தங்கியதில்லை. வீசிங் வரும், பாக்கெட்டில் இன்ஹேலர் வைத்திருப்பான், அதைப் பிடுங்கிவிட்டார்களோ என்னவோ. அடிக்க வந்தால் திருப்பி அடிக்கத் தெரியாது, நாலு பேர் கூட இருந்தால்தான் அவனுக்கு வீரம். உன் தம்பி கையை மூன்று முறை கல் போட்டு உடைத்தவன் அவன்தான், நான் அதை மறைக்கவில்லை. சட்டம் அவனுக்குக் கொடுக்கிறதைக் கொடுக்கட்டும், நானே கூண்டில் ஏறிச் சொல்கிறேன். நீ கொடுக்காதே. உன் ஆட்களிடம் சொல்லிவை. முடிந்தால் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்.

தமிழரசனிடம் இன்று போனேன். கதவைத் திறக்கவில்லை. வெளியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு விரல் கொஞ்சம் அசைகிறது என்று சென்னம்மா சொன்னாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அவள் மகன் கையை உடைத்தவனுக்காக அவளிடமே கடிதம் கொடுத்து அனுப்புகிறேன் என்பதையும் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, "அவனுக்கும் ரெண்டு வாழப்பழம் வாங்கிட்டுப் போறேன்" என்றாள்.

உனக்கு ஆத்திரம் தீர வேண்டும் என்றால் தீர்த்துக்கொள், அதற்கு நான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வெளியே வந்ததும் நேராக ஷெட்டுக்கு வா. ஐந்து நாள் மட்டும் பொறுத்துக்கொள். கதவைச் சாத்த மாட்டேன், போலீஸைக் கூப்பிட மாட்டேன், குனியச் சொன்னால் குனிகிறேன். எனக்கு இன்னும் ஒரு காது இருக்கிறது.

சுரேந்தர்